ஒரே போத்தலில் இரண்டு ராணிகள்

நாலு தலை கூடினாலும் நாலு முலை கூடாது என்று ஒரு பழமொழி உண்டு. அதை உண்டாக்கியவர் கட்டாயம் ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும். அதுவும், இரண்டு பெண்கள் சேர்ந்து சமைத்ததை ஒரு பிடி பிடித்துவிட்டு, மரநிழலில் சாய்ந்து பல்லுக் குத்திக்கொண்டிருந்த ஆண்பிள்ளை. போர் முடிந்த அடுத்த ஆண்டு, நறுவிலிக்குளத்துப் பக்கம் சனங்களைப் பேருந்தில் கொண்டுவந்து இறக்கியபோது, பக்கத்து வளவு நவரத்தினம் இந்தப் பழமொழியை அன்ரோனெற்றின் காதுபடவே சொன்னார். மனிதர் கெட்டவர் அல்ல. கொட்டிலுக்குக் கூரையாகத் தறப்பாளை இழுத்துக் கட்டக் கயிறு தந்தவரும் அவர்தான்.

"ரெண்டு பொம்பிளையள் ஒரு கொட்டிலுக்கையோ? கயிறு தாறன் ரீச்சர். ஆனா உது எத்தினை நாளைக்கெண்டு நான் பாக்கத்தான் போறன்," என்றார் அவர்.

"பாருங்கோ அண்ணை," என்றாள் அன்ரோனெற். "சும்மா நிண்டு பாக்காமல் இந்த நுனியை ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு பாருங்கோ."

அன்ரோனெற் கரைப்பக்கத்துப் பெண். முசலிக்குத் தெற்கே, கொண்டச்சிப் பக்கத்துக் கடலோரத்தில் அவளுடைய ஊர். தகப்பன் கரைவலை இழுத்தவர். வலையில் மீனோடு வந்து சேரும் வேண்டாத பூச்சி புழுக்களை எல்லாம் மகள் பொறுக்கிப் போத்தல்களில் அடைத்து வைப்பதைப் பார்த்து, இவள் படிக்கத்தான் லாயக்கு என்று கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். விலங்கியல் படிக்க யாழ்ப்பாணம் வரை போனாள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வோடு அந்தப் படிப்பு பாதிவழியில் நின்றது. ஊருக்கு வந்து பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தாள்; படகு இயந்திரம் திருத்துகிற வின்சன்டைக் கட்டினாள்; பிள்ளை கிடைக்கவில்லை. போரின் கடைசி மாதங்களில் தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று போன வின்சன்ட் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை. நாமும் அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

தவமலரை அவள் கண்டது, போர் முடிந்த கையோடு சனங்களை அடைத்து வைத்த செட்டிகுளத்து முகாமில். ஒரு கூடாரத்துக்குள் யாரை யாரோடு விடுவது என்று அங்கே ஒருவரும் சாதகம் பார்க்கவில்லை. வேதக்காரியான அன்ரோனெற்றும், நெற்காணிக் குடும்பத்துச் சைவக்காரியான தவமலரும், தவமலரின் மகள் அபிசாவும் ஒரே கூடாரத்துக்குள் விழுந்தார்கள். தவமலரின் புருசன் செல் குண்டடியில் போய்விட்டவன். அபிசாவுக்கு அப்போது பதினான்கு, பதினைந்து வயது. ஒருத்தி குழாயடியில் வரிசையில் நிற்க, மற்றவள் விறகு தேடினாள். ஒருத்தி காய்ச்சலில் கிடக்க, மற்றவள் கஞ்சி வைத்தாள். நட்பு என்று அதற்குப் பெயர் வைக்க இருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஊருக்குப் போகலாம் என்று அறிவித்தபோது தவமலரின் ஊர் குடியேறத் திறந்திருந்தது. அன்ரோனெற்றின் ஊரில் இன்னும் கண்ணிவெடி எடுக்கவேண்டும், எப்போது முடியுமோ தெரியாது என்றார்கள்.

"அப்ப நீங்கள் எங்க போறியள் ரீச்சர்?" என்று கேட்டாள் தவமலர்.

"மன்னாரில ஆராவது சொந்தக்காரர் வீட்டை."

"ஆர் அந்தச் சொந்தக்காரர்?"

அன்ரோனெற் குனிந்து உடுப்புப் பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். 

"என்ர வளவு பெரிசு," என்றாள் தவமலர். "மண்டிக் கிடக்கிற பத்தையை வெட்டத் தனிய எனக்கு ஏலாது. வாங்கோ."

அப்படித்தான் இரண்டு பேரும் ஒரு கொட்டிலுக்குள் வந்தார்கள். அடுப்பு ஒன்று, சட்டி மட்டும் இரண்டு. ஒன்று தவமலரின் மரக்கறிச் சட்டி, மற்றது அன்ரோனெற்றின் மச்சச் சட்டி. முதலில் மரக்கறி கொதித்து இறங்கும், பிறகு மீன் ஏறும். வெள்ளிக்கிழமைகளில் தவமலருக்கு மச்சம் ஆகாது. வேதக்காரருக்கு வெள்ளியில் இறைச்சிதான் விலக்கு, மீனுக்குத் தடை இல்லை. ஆனாலும் வந்த முதல் வெள்ளியே அன்ரோனெற் தன் மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். தவமலர் அதைப் பார்த்தாள். அடுத்த தவக்காலம் வந்தபோது, அன்ரோனெற் இறைச்சி தின்னாத அந்த நாற்பது நாளும் தவமலரும் இறைச்சி தொடவில்லை. 

எறும்பு வந்தது ஐப்பசி மழையோடு. இரவெல்லாம் பெய்து விடிந்த காலையில், முற்றத்து ஈர மணல் முழுக்கக் கண்ணாடித் தாள் போலச் சின்னச் சின்ன இறகுகள். இறகு இழந்த கறுத்த எறும்புகள், சாதாரண எறும்பைவிட மூன்று மடங்கு பருத்த வயிற்றோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தன. தவமலர் விளக்குமாற்றை எடுத்தாள்.

"கூட்டாதேயும் தவம்! கொஞ்சம் பொறும்!" அன்ரோனெற் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலில் இருந்துவிட்டாள். "இதுகள் எல்லாம் ராணியள். நேற்றைக்குத்தான் கலியாணம். பறந்துபோய் ஆகாயத்தில செய்த கலியாணம். முடிஞ்சதும் கீழ வந்து இறகைத் தாங்களே கழட்டிப் போடுங்கள். இனிப் பறக்கிற தேவை இல்லை."

"மாப்பிள்ளைமார் எங்க?"

"அவையள் செத்துப் போயிருப்பினம். கலியாணத்தோட அவையின்ர சீவியம் சரி."

தவமலர் விளக்குமாற்றில் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். "அப்ப தாலி அறுத்து, நகையைக் கழட்டி வைச்சிட்டு, குடியிருக்க ஒரு துண்டுக் காணி தேடித் திரியுதுகள். எங்கட ஆக்கள்தான் ரீச்சர்."

இருவரும் சிரித்தார்கள். அபிசா கொட்டிலுக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். தாய் வாய்விட்டுச் சிரிப்பதை அவள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எறும்பு ராணியின் வாழ்க்கை லேசானது இல்லை. மண்ணுக்குள் ஒரு சின்னக் குழி தோண்டி, வாசலை உள்ளிருந்து தானே அடைத்துவிடும். பிறகு வெளியே வராது, தின்னாது. பறக்க உதவிய தசை இனி உதவாது அல்லவா, அது உடம்புக்குள்ளேயே கரையும். அந்தச் சத்தைக் கொண்டுதான் முதல் முட்டைகளையும் முதல் குஞ்சுகளையும் வளர்க்கும். முதலில் வருகிற வேலைக்கார எறும்புகள் நோஞ்சான்கள்; ஆனாலும் அடைத்த வாசலைத் திறந்து முதல் தீனியைக் கொண்டுவருவது அவைதான். அதுவரை தாக்குப்பிடிக்கிற ராணிகள் மிகச் சொற்பம். மற்றவற்றுக்கெல்லாம் குழியே புதைகுழியாகிவிடும்.

கல் ஒன்றைப் புரட்டியபோது ஒரே குழிக்குள் இரண்டு ராணிகள் இருந்தன.

"அக்காவும் தங்கச்சியுமோ?" என்று கேட்டாள் தவமலர்.

"இல்லைத் தவம். ஒண்டுக்கொண்டு ஒரு உறவும் இல்லை. வேற வேற புத்தில இருந்து வந்ததுகளாத்தான் இருக்கும்."

"பிறகேன் ஒண்டா இருக்குதுகள்?"

"சுத்திவரப் பாரும், எத்தினை குழி. ஒவ்வொரு குழியிலயும் ஒரு குடும்பம் தொடங்கப் பாக்குது. முதல் பிள்ளையள் வெளியில வந்ததும் பக்கத்துக் குழியில இருக்கிற குஞ்சுகளைக் களவெடுக்கப் போங்கள். ஆருக்கு முதலே கனக்கக் கை சேருதோ, அவைக்குத்தான் வளவு. தனியத் தொடங்கினால் தப்பேலாத இடத்தில சேந்து தொடங்குதுகள்."

தவமலர் நிமிர்ந்து அன்ரோனெற்றைப் பார்த்தாள். பிறகு அறுத்துப் போட்ட பத்தைகளையும் தறப்பாள் கொட்டிலையும் பார்த்தாள்.

"பிறகு?" என்றாள்.

"பிறகென்ன, பெரிய புத்தாகும்," என்றாள் அன்ரோனெற். பிறகு நடப்பது வேறு என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல அவளுக்கு அன்று மனம் வரவில்லை.

அன்ரோனெற் படிப்பிக்கப் போன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடமா இருந்தது? கூரையே இருக்கவில்லை. ஆகவே வெறும் ஜாம் போத்தல்களில் ஈர மணலும் பஞ்சும் இட்டு, அன்ரோனெற் சிலவற்றில் ஒற்றை ராணியையும், ஒன்றில் அந்த இரண்டு ராணிகளையும் விட்டு, கறுப்புத் துணி சுற்றிக் கொட்டிலின் மூலையில் வைத்தாள். ஒற்றை ராணிகளில் பல பூஞ்சணம் பிடித்துச் செத்தன. இரட்டைப் போத்தலில் இரண்டும் தலையோடு தலை வைத்து ஒரே முட்டைக் குவியலை நக்கிக்கொண்டிருந்தன. எது யாருடைய முட்டை என்று அவை பிரித்துப் பார்க்கவே இல்லை. தவமலர் காலையில் எழுந்ததும் சாமிப்படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு, துணியை விலக்கி அந்தப் போத்தலையும் ஒரு தரம் பார்ப்பாள்.

வேலைக்காரிகள் மற்றப் போத்தல்களைவிட அதில்தான் முந்தி வந்தார்கள், கூட்டமாகவும் வந்தார்கள். அன்ரோனெற் அன்றிலிருந்து அந்தப் போத்தலைத் தவமலர் அடிக்கடி பார்க்காதபடி உடுப்புப் பெட்டியின் பின்னால் நகர்த்திவிட்டாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து துணியை விலக்கினால், இரண்டு ராணிகளும் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு கிடந்தன. ஒன்றுக்கு ஒரு கால் இல்லை. வேலைக்காரிகளும் சண்டையில் சேர்ந்திருந்தார்கள். பலவீனமாகத் தெரிகிறவளை இழுத்தார்கள். இழுக்கிறவர்களில் அவளே பெற்ற பிள்ளைகளும் இருந்திருக்கும். பெற்றவள் யார் என்று அவர்கள் பார்ப்பதில்லை என்று விரிவுரையில் கேட்டது அன்ரோனெற்றுக்கு நினைவிருந்தது. ஆபத்து நீங்கும்வரைதான் கூட்டு; கை சேர்ந்த பிறகு ஒரு புற்றுக்கு ஒரு ராணி போதும். படித்தபோது அது ஒரு பரீட்சைக் கேள்வி. இப்போது அவள் துணியை இழுத்து மூடினாள். போத்தலை எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"எங்க ரீச்சர் போத்தல்?"

"வளந்திட்டுதுகள் தவம். வெளியில விட்டிட்டன்."

"ரெண்டும் சுகமோ?"

"ஓம். சுகம்."

வருடங்கள் ஓடின. எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்கள். இந்த இரண்டு பெண்களும் ஊர்ந்ததில் பத்தைக்காடு வளவாகியது. வீட்டுத்திட்டத்தில் தவமலரின் காணிக்கு ஒரு வீடு வந்தது. அரிந்த சீமெந்துக் கல்லைச் சுமந்தது தவமலர். பள்ளிக்கூடம் போகுமுன் கிணற்றில் அள்ளி அள்ளிப் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்தது அன்ரோனெற். சுவாமியறையில் பிள்ளையாரும், முன்னறையில் மாதாவும் குடிவந்தார்கள். குசினியில் அடுப்பு ஒன்றுதான் கட்டினார்கள். "ரெண்டு அடுப்புக் கட்டட்டோ?" என்று மேசன் கேட்டதற்கு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஏன்?" என்றார்கள். நவரத்தினம் பழமொழி சொல்வதை அதற்குமுன்பே நிறுத்தியிருந்தார்.

அபிசா வளர்ந்தாள். அன்ரோனெற்றிடம்தான் படித்தாள், அன்ரோனெற்றிடம்தான் குட்டும் வாங்கினாள். மன்னாரில் ஒரு தையல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு, வரவேண்டியது வந்தது. அடம்பன் பக்கத்தில் கிருஷாந்தன் என்று ஒரு பொடியன், மின்சார வேலை தெரிந்தவன், குடி இல்லை, சாதகமும் பொருந்தியது.

இந்த மண்ணில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. பெண்ணோடு வீடு போகும். தாயின் வீடு மகளுக்குச் சீதனம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கிற அளவுக்கு வீட்டையும் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் தாய் இறந்துபோனபடியால் பெரியம்மா வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், நிலத்தைக் காலால் தட்டிப் பார்த்தார், முன்னறையில் மாதா படத்தையும் குசினியில் மச்சச் சட்டியையும் பார்த்தார். எல்லாம் பார்த்து முடிந்து கதிரையில் இருந்தபோது, அன்ரோனெற் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள்.

"இவா ஆர்?" என்று கேட்டார் பெரியம்மா. "சொந்தமோ?"

தவமலரின் முகம் வெளுத்துவிட்டது. சொந்தமும் இல்லை, சமயமும் வேறு. சீதன வீட்டில் இன்னொருத்திக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துவிட்டால் சம்பந்தம் முறிந்துவிடும் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

"இல்லை," என்றாள். "ரீச்சர். முன்னறையில வாடகைக்கு இருக்கிறா."

தட்டு ஆடவில்லை. ஒரு கோப்பையும் தளும்பவில்லை. "ஓம்," என்றாள் அன்ரோனெற். "பள்ளிக்கூடம் கிட்ட எண்டபடியால் இஞ்ச இருக்கிறன்." பெரியம்மாவுக்குச் சீனி போதுமா என்றும் கேட்டாள்.

ஆனால் அவளுக்கு நொந்தது. அவள் கரைப்பெண், உப்புக்காற்றில் வளர்ந்தவள், லேசில் கண் கலங்காதவள். அந்தச் சொல் மட்டும் முள்ளாகத் தைத்து நின்றது. சுவருக்குத் தண்ணீர் அடித்த கைகளைப் பார்த்துக்கொண்டு அன்று முழுக்க முன்னறையில் இருந்தாள். ஒரு புற்றுக்கு ஒரு ராணி போதும் என்ற வரி தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. காணிக்காரி நிற்பாள், வந்தவள் போவாள். இதில் கோபிக்க என்ன இருக்கிறது, பிள்ளையின் வாழ்வு அல்லவா என்று தனக்குத்தானே சொன்னாள். சொல்லச் சொல்லக் கோபம் கூடியது.

அடுத்த நாள் காலையில் வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்தாள். இந்தப் பக்கத்தில் ஒரே வளவுக்குள் தனி அடுப்பு மூட்டுவது சின்னக் காரியம் அல்ல. சத்தம் போட்டுச் சண்டை பிடித்தால் பின்னேரத்தில் ஆறிவிடும். அடுப்புப் பிரித்தால் ஊருக்கே புகை சொல்லிவிடும். கல்லை ஊன்ற மண்ணைக் கிளறியபோது கறுத்த எறும்புகள் கிளம்பி வந்தன. அன்றைக்கு அவள் கொட்டிய குடும்பமோ, வேறு எதுவோ. கல்லைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

தவமலர் குசினி வாசலில் வந்து நின்றாள். "என்ன ரீச்சர் இது?"

"வாடகைக்கு இருக்கிறவள் தன்ர சமையலைத் தான் பாக்கிறதுதானே முறை."

"ரீச்சர், அது நான்..."

"நீர் பிழை ஒண்டும் சொல்லேல்லைத் தவம். அவையள் திரும்பி வருவினம். வந்து பாக்கேக்க ரெண்டு அடுப்பு இருந்தால் உம்மட சொல்லும் உண்மையாப் போகும்."

தவமலர் சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அபிசாதான் ஓடி வந்து, "அன்ரி, அம்மா பயத்தில சொல்லிப்போட்டா, எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம்," என்று அழுதாள். அன்ரோனெற் அவள் தலையில் பழையபடி ஒரு குட்டு வைத்து, "விசர்க் கதை கதையாதை," என்று அனுப்பினாள். நவரத்தினம் வேலிக்கு அப்பால் நின்று இரண்டு புகையையும் பார்த்தார். தான் சொன்ன பழமொழி பலித்துவிட்டதே என்று மனிதருக்குக் கவலையாகப் போய்விட்டது. மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்.

கலியாணம் நன்றாகவே நடந்தது. அன்ரோனெற் பின்வரிசையில் இருந்து பார்த்தாள். அந்த நாட்களில்தான் அவளுடைய கரை ஊர் கண்ணிவெடி எடுத்து விடுபட்டதென்று பங்குச் சுவாமி சொல்லியனுப்பினார். அங்கே உள்ள பள்ளிக்கூடத்துக்கே மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டாள். உடுப்புப் பெட்டி, மாதா படம், மச்சச் சட்டி. அவளுடைய சாமான் அவ்வளவுதான். வாசல் படலை வரை வந்த தவமலர், "மழைக்கு முதல் கூரையைப் போட்டிடுங்கோ," என்றாள். "ஓம்," என்றாள் அன்ரோனெற். இவ்வளவு காலம் ஒரு சோற்றைத் தின்ற இரண்டு பேருக்கு அன்று கதைக்கக் கிடைத்தது அதுதான்.

கரை ஊர் பத்தையாகக் கிடந்தது. வின்சன்டின் வீட்டில் அத்திவாரம் மட்டும் மிச்சம். கோயிலுக்குக் கூரை இல்லை. திரும்பி வந்த சில குடும்பங்களில் பஸ்ரியன் என்ற மீன்பிடிக்காரரும் அவர் பெண்சாதியும் தகரம் அடிக்க உதவினார்கள். தனியே பத்தை வெட்டினாள், தனியே உப்புக் கிணறு இறைத்தாள். கையும் முதுகும் முன்பு போல இல்லை. ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் முற்றத்தில் இறகுகள் கிடந்தன. அவள் போத்தல் தேடவில்லை. படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரிவுரையின் மறுபாதி அப்போதுதான் நினைவு வந்தது. எல்லா எறும்பும் ராணியை விரட்டுவதில்லை. சில இனங்களில் பல ராணிகள் சாகும்வரை ஒரே புற்றில் இருக்கிறார்கள். தனியே பறந்துபோன ராணி பிழைக்க முடியாத இடம், குடியிருக்க மண் கிடைக்காத இடம், இப்படியான இடங்களில் எத்தனையோ தலைமுறையாக அந்தப் பழக்கம் மெல்ல மெல்ல ஊறி வந்திருக்கிறது. ஒரே இனத்திலேயே ஒரு கரையில் ஒற்றை ராணியும், இன்னொரு கரையில் பல ராணியும் இருப்பதுண்டு. ஒரு புற்றுக்கு எத்தனை ராணி என்பது கல்லில் எழுதிய சட்டம் இல்லை. பரீட்சைக்கு முதற்பாதிதான் வரும் என்று நினைத்து, இதை அவள் சரியாகப் படிக்காமல் விட்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்ரியன் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். "ரீச்சர், உங்களைத் தேடி ஒரு ஆள் சந்தியில இறங்கி விசாரிச்சுக்கொண்டு நிண்டவா. கூட்டிக்கொண்டு வந்தனான்."

அவர் பின்னால் தவமலர் நின்றாள். தோளில் ஒரு பை. கையில், துணியில் பொதிந்த மரக்கறிச் சட்டி. வெயிலில் நடந்து வந்த முகம் கன்றிப் போயிருந்தது. அவள் அன்ரோனெற்றைப் பார்க்கவில்லை. தகரக் கொட்டிலைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் இருந்த அடுப்பைப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் மச்சச் சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மீன்பிடி ஊரில், கேட்பார் பார்ப்பார் இல்லாத இடத்தில், வேதக்காரி ஒருத்தி வெள்ளிக்கிழமை என்று மச்சச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். தவமலரின் கண்ணில் இருந்து பொலபொலவென்று வந்துவிட்டது.

"ரீச்சர்," என்றாள். "இஞ்ச ஒரு அறை வாடகைக்குக் கிடைக்குமோ?"

அன்ரோனெற் தவமலரின் தோள் பையைப் பார்த்தாள். "பிள்ளை என்ன செய்தவள்?" என்று கேட்டாள். "சண்டையோ?"

"ஐயோ, இல்லை. பிள்ளையும் தங்கம், மருமோனும் தங்கம். ஆனா இப்ப கதிரையை எங்க போடுறது எண்டு அவள்தான் சொல்லுறாள். நான் ஒரு பானையைத் தூக்கினால், 'வையுங்கோ அம்மா, நான் பாக்கிறன்' எண்டுறாள். அது சரிதானே, அவளின்ர வீடு. அங்க நான்தான் கூடுதலாப் போனன் ரீச்சர்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அண்டைக்கு அந்தப் போத்தலில என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் ஒளிச்சு வைச்ச இடத்தில நானும் பாத்தனான். ரெண்டும் சுகம் எண்டு நீங்கள் சொல்லேக்க, எனக்காகச் சொல்லுறியள் எண்டும் தெரியும். அப்பிடிப்பட்ட உங்களைப் போய், வந்த சனத்துக்கு முன்னால நான்..."

"காணும் தவம், போதும்."

"காணாது. நான் சொல்ல வேணும். நீங்கள் வாடகைக்கு இருக்கேல்லை. அந்த வீட்டை நாங்கள் ரெண்டு பேரும்தான் கட்டினாங்கள். அதைப் பெரியம்மாவுக்கும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

பஸ்ரியன் கடல் பக்கம் ஏதோ பார்க்க வேண்டியிருப்பதுபோலத் திரும்பி நடந்தார். அன்ரோனெற் படியில் இருந்து எழுந்து வந்து, அந்தச் சட்டியைத் தவமலரின் கையிலிருந்து வாங்கினாள்.

"வாடகைக்கெல்லாம் இஞ்ச அறை இல்லை," என்றாள். "அடுப்பும் ஒண்டுதான்."

மரக்கறிச் சட்டியை அடுப்பில் வைத்து, அதற்குள் தண்ணீர் ஊற்றினாள். தவமலர் பையை இறக்கிவிட்டு விறகு முறிக்க இருந்தாள்.